எழுபத்திரண்டு சுற்று

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முட்டி மட்டும் தனிக்கட்சி. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இதை நிதானமாக உட்கார்ந்து படி, பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே.

நகராட்சிக்காரர்கள் முப்பது வருடத்துக்குப் பிறகு தூங்கி எழுந்து, எந்தத் தெருவில் வீடு இருக்கலாம், எங்கே கடை இருக்கலாம், எங்கே பட்டறை இருக்கலாம் என்று விதிகளைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். ஊர் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து அலுவலக வாசலில் ஒட்டியிருந்தார்கள், நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். வீட்டுக்கு மஞ்சள், கடைக்குச் சிவப்பு. நம் தெரு முழுக்க மஞ்சள், நடுவில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் கறுப்புக் கோடு கோடாகப் போட்டிருந்தது. அது நம் வீடு. முன்னறையில் எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றும் உன் பட்டறை இருப்பதால் நாம் விதிக்குப் பொருந்தாத இடமாம். அப்பாவுக்கு வந்ததே கோபம், “நாப்பது வருஷமா நிக்கிற வீடு, நேத்து பொறந்த விதிக்கு நாம பொருந்தலையாம்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், பால் வாங்க மறந்துவிட்டோம்.

ஆனால் விவரம் கேட்டால் அவ்வளவு மோசமில்லை. ஏற்கெனவே நடக்கிற பட்டறையை யாரும் மூடச் சொல்லவில்லை, பெரிதாக்கத்தான் கூடாது. ஒரே ஒரு நிபந்தனை, தொடர்ந்து பன்னிரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் அந்த உரிமை போய்விடும். பிறகு அது வெறும் வீடுதான், நீயே வந்து நின்றாலும் அங்கே மறுபடி பட்டறை வைக்க முடியாது. நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. வீட்டுக்கு வந்த படிவத்தில் முன்னறையின் பயன்பாடு என்ன என்று கேட்டிருந்தார்கள், உன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மகள் வெளிநாடு போனதிலிருந்து பூட்டியிருக்கிறது என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பெரிய அரிச்சந்திரன். பத்து நாளில் பதில் வந்தது. பயன்பாட்டு நிலை என்ற இடத்தில் ஒரே சொல், கைவிடப்பட்டது. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் நேரில் வரவேண்டும்.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது கண்ணு. யார் யாரைக் கைவிட்டார்கள்? வாராவாரம் உன் பட்டறையைப் பெருக்கித் துடைக்கிறேன், நீ கொக்கியில் மாட்டிவிட்டுப் போன நீலச் சட்டையைக்கூட எடுக்கவில்லை, அதன் கைப்பகுதியில் வார்னிஷ் வாசனை இன்னும் இருக்கிறது. அன்று போனில் லேசாகச் சொன்னபோது, “விட்டுடுங்கம்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றாய். அப்புறம் பார்க்க ஒன்றும் இருக்காது என்று உனக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. நீ வந்துதான் ஆகவேண்டும் என்று உன்னைப் பிடித்து இழுக்க எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு நாள் வரலாம் என்று உனக்குத் தோன்றினால், வந்து திறக்க ஒரு கதவு வேண்டாமா?

அதனால் நான் மட்டும் போனேன். அப்பா முட்டி வலி என்று படுத்துவிட்டார். அங்கே இருந்த அதிகாரி உன் வயதுப் பெண்தான், பொறுமையாகக் கேட்டாள். பட்டறை நடந்ததற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்றாள், எனக்குத் திருதிருவென்று முழிக்கத்தான் தெரிந்தது. அவளே நம் வீட்டு முகவரிக் கோப்பை எடுத்துப் புரட்டினாள். உள்ளே ஏழு கடிதங்கள், எல்லாம் எதிர்வீட்டு மாமா எழுதியவை. அவரைத் தெரியும் உனக்கு, குழந்தை சிரித்தாலே மனு எழுதுகிற மனுஷன். நீ போனபிறகு எழுதிய ஏழு புகார், தேதி போட்டு, நகராட்சி முத்திரையோடு. ஒவ்வொன்றிலும் ஒரே பல்லவி, புதனும் சனியும் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை மேற்படி பட்டறையில் மோட்டார் ஓட்டுகிறார்கள், என் ஜன்னல் அதிர்கிறது. கடைசிப் புகார் போன மாதம். அவள் சிரித்துவிட்டு, “பூட்டியிருந்தா எப்படிம்மா அதிரும்?” என்றாள். புதனும் சனியும் நான் சித்தி வீட்டுக்குப் போகிற நாள். எனக்கு அங்கேயே எல்லாம் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு காலண்டரைப் பார்த்தார், பிறகு ஒத்துக்கொண்டார். சலவைக் கடைக்காரருடைய துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டார், நீ செம்புக் கம்பிக் காயிலைப் பிரித்துப் போட்டுவிட்டு முடிக்காமல் போனாயே, அதைக் கட்டிக்கொண்டிருக்கிறாராம். நீ கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான், சுற்று எண்ணிக்கை சரியாக வரவில்லை, ஓட்டிப் பார்ப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன் என்றார். அப்படியானால் பூட்டியிருக்கிறது என்று ஏன் எழுதினீர்கள் என்றேன். “அவ இல்லாதப்ப அது பட்டறையா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். சலவைக் கடைக்காரர் நல்ல மனுஷர், புது மோட்டார் வாங்கி வெகுநாள் ஆகியும், பழுது பார்க்கக் கொடுத்தது உண்மை, இன்னும் வேலை நடக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எதிர்வீட்டு மாமாவும் கூட வந்தார், தன் புகாரை ஒருவர் ஒழுங்காகப் படித்ததில் அவருக்கு அவ்வளவு பூரிப்பு. தொடர்ந்து நடக்கிற பயன்பாடு என்று மாற்றி எழுதி நேற்று தாள் வந்துவிட்டது. அதை உன் நீலச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

இனிதான் நான் சொல்ல வந்தது. இன்று காலை அப்பாவின் கண்ணாடியைத் துடைக்க எடுத்தபோது, கண்ணாடிக் கூட்டுக்குள் நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. உன் கையெழுத்து. சலவைக் கடை மோட்டார், ஒரு காயிலுக்கு எழுபத்திரண்டு சுற்று. மடிப்பெல்லாம் கிழிந்து பின்னால் ஒட்டுப் போட்டிருக்கிறார். ஆக அந்த மனுஷருக்கு எண்ணிக்கை தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும். சரியாகக் கட்டி, ஆறரை வரை ஓடவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு அவரே பிரித்துவிடுகிறார். வேலை முடிந்துவிட்டால் உன் மேஜையில் உட்கார அவருக்கு ஒரு சாக்கு இல்லை பார். நான் சீட்டை இருந்த மாதிரியே மடித்து வைத்துவிட்டேன். சமையலறைக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன், சொல்வதற்கென்ன. புதன் மாலை சித்தி வீட்டுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டு, நானும் உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். நீ உள்ளே வேலை செய்யும்போது நான் இங்கிருந்து காபி குடிக்கிறாயா என்று கத்துவேன், உனக்குக் கேட்காது, அதற்கு எத்தனை திட்டு வாங்கியிருக்கிறாய். இப்போது அந்தக் கேட்காத காதுக்காகத்தான் ஏங்குகிறேன்.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். வேலை இடத்தில் யாராவது சத்தமாகப் பேசினால் உடனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உடம்பும் மனசும் நோகாமல் நீண்ட நாள் நீ நன்றாக இருக்கவேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பா தொண்டையைச் செருமிவிட்டு, அந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று கேட்டாலும் கேட்பார். எண்ணைச் சொல்லிவிடாதே. நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று சொல். பிறகு வந்து பார்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா