பெனின் வீட்டு மரம்

ஜூன் 3
இந்த மாதமும் புதுத் தோட்டம் போடும் வேலை எதுவும் இல்லை. கல்ஃபில் வேலை ஆட்டம் கண்டால் இங்கே வீடு கட்டுகிறவர்கள் முதலில் நிறுத்துவது தோட்டத்தைத்தான். டைல்ஸை யாரும் நிறுத்துவதில்லை. என்னோடு வேலை செய்யும் குமாரதாஸ் அண்ணன் போனில், “நாளைக்கு எங்க மக்கா?” என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எத்தனையாவது தடவை!

ஜூன் 8
அஞ்சுகிராமத்தில் ஒரு புது வீடு. ஞாயிற்றுக்கிழமை பால்காய்ப்பு, குடிபுகுகிறார்கள். அதற்குள் வாசலில் பெரிய புளூமேரியா, அதுதான் ஈழத்தலரி மரம், நின்றாக வேண்டுமாம். அந்த அளவு புளூமேரியா எந்த நர்சரியிலும் இல்லை. இந்த வேலையும் கைவிட்டுப் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ஜூன் 10
எடுத்துவிட்டேன். திற்பரப்பில் பெனின் வீட்டிலிருந்து.

அவன் துபாயில். வீடு பூட்டிக் கிடக்கிறது. தோட்டத்தை என்னை நம்பித்தான் விட்டிருக்கிறான். நான் நட்டு நான்கு வருஷம் வளர்த்த மரம்தானே — இப்படியெல்லாமா நினைப்பேன்? “பெனினிட்ட கேட்டாச்சா?” என்றார் அண்ணன். கேட்டாச்சு என்றேன். வாய் கூசவில்லை.

ஜூன் 14
பால்காய்ப்பில் எல்லாரும் மரத்தடியில் நின்று படம் எடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்து எங்கள் இன்ஸ்டா பக்கத்தில் போட்டேன். பெருமை வேறு.

ஜூன் 17
பெனின் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். “அக்கா, நம்ம புளூமேரியா எப்பிடி இருக்கு? பூத்துட்டா?”

வேர் அழுகிப் பட்டுப்போய்விட்டது என்று எழுதினேன்.

“போட்டும் அக்கா. நீங்க வெசனப்படாதீங்க.”

ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஜூன் 21
சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்று வீட்டில் சொன்னேன். அதுவும் பொய்.

ஜூலை 5
பெனினுக்கு வேலை போய்விட்டதாம், ஊருக்கு வந்துவிட்டானாம். அண்ணன் சொன்னார். உண்மையைச் சொன்னால் இனி யார் என்னை வீட்டுக்குள் விடுவார்கள்? சொல்லாம இருந்தா சோறு எறங்க மாட்டேங்குதே.

ஜூலை 6
போனேன். மரம் நின்ற குழியருகில் நின்றுகொண்டிருந்தான்.

“மரம் பட்டுப்போகல பெனின். நான்தான் கேக்காம எடுத்தேன்.”

“தெரியும். அஞ்சுகிராமத்து போட்டோவ நீங்கதான போட்டீங்க. அதப் பாத்துட்டுதான் அன்னைக்குக் கேட்டேன்.”

அப்படியென்றால் — நான் எழுதியது பொய் என்று தெரிந்தேதான் ஆறுதல் சொல்லியிருக்கிறான். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

வேறு மரம் நட்டுத் தருகிறேன் என்றேன். “வேண்டாம். சும்மாதான இருக்கேன், தோட்டத்த இனி நானே பாத்துக்கிடுதேன்.” குழியில் என்னென்ன போட வேண்டும் என்று மட்டும் கேட்டான். சொன்னேன். போனில் குறித்துக்கொண்டான்.

நான்கு வருஷமாக அக்கா அக்கா என்றவன், கேட் வரை வந்து, “பாத்துப் போங்க மேடம்” என்றான்.