இந்த வருஷமும் கேம்ப் நடந்தது, மாலதி

என் மாலதிக்கு, 'அண்ணி' என்று கூப்பிட்டால் அடிக்க வருகிற என் அண்ணிக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இல்லாத முதல் மே மாதத்திலும் நம்ம சம்மர் கேம்ப் நடந்தது. மைதானத்தில் இல்லை, போனில். சிரிக்காதே, நிஜமாகத்தான்.

முத்தாபுதுப்பேட்டையில் நீ சுண்ணாம்புக் கோடு போட்டு கோ-கோ சொல்லிக்கொடுத்த காலி மனையைச் சுற்றி இப்போது தகர வேலி. குடோன் வரப்போகிறதாம். பிள்ளைகளில் சிலர் அப்பா அம்மாவின் வேலையோடு ஓசூர் பக்கம் போய்விட்டார்கள். "பி.டி. டீச்சரே பூட்டாங்க, இனிமே இன்னா கேம்ப்பு?" என்று பெற்றவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

நானும் விட்டிருப்பேன். ஆனால் பிள்ளைகள் உன் நம்பருக்கே குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அண்ணன் போனை என் காதில் வைத்தான். "மிஸ், நீங்க இல்லன்னு தெரியும். ஆனா கேம்ப் இருக்குல்ல?" என்று ஒரு சின்னக் குரல். "இதுக்கு நான் இன்னாம்மா பதில் சொல்றது?" என்று கேட்டான் உன் புருஷன். "இருக்குன்னு சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

மண்ணூர்பேட்டை மருந்துக்கடையில் பில் போடுகிற எனக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்? மத்தியான ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, காலை வேளையில் எல்லாரையும் வீடியோவில் கூப்பிட்டேன். முதல் நாள் ஒரே சந்தைக்கடை. ஒரு வீட்டில் குக்கர் விசில், இன்னொரு வீட்டில் சேவல், ஒருத்தன் கடைசிவரை தன் நெற்றியை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் பின்னால் நின்றுகொண்டு, "இன்னாம்மா, மீன் மார்க்கெட்டா நடத்திக்கினு கீற?" என்றான்.

பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. நான் ஒரு நிறத்தைச் சொல்வேன். அந்த நிறத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டும். வாய் பேசாமல் ஒருத்தர் நடித்துக்காட்ட, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஓசூர்ப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் பழையபடி சண்டை போட ஆரம்பித்தபோது எனக்கு உயிர் வந்தது. சண்டை வந்துவிட்டால் கேம்ப் வந்துவிட்டது என்பாயே.

தீபிகாவை மட்டும் காணவில்லை. உன் கோ-கோ ஆட்டத்தில் ஓடுகிற அவளைத் தொட்டு அவுட்டாக்கியவர்கள் உண்டா? அவள் அம்மா பேக்கிங் கம்பெனிக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் ஒரே போனும் கூடவே போய்விடுகிறது. அதனால் ஊர்த் தெருவில் இருக்கிற கஸ்தூரி அக்காவிடம் பேசினேன். அவர்கள் மகள் நித்யாவின் போனிலேயே தீபிகாவும் சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். "வரட்டுமே" என்றார்கள்.

மறுநாள் நித்யா திரையில் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே வெயிலில் தீபிகா.

காலனிப் பிள்ளைகளையும் ஊர்த் தெருப் பிள்ளைகளையும் மைதானத்தில் நீ பிரித்ததே இல்லை. ஆனால் போன் எல்லாரையும் வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டது. காலனிப் பிள்ளை அந்தத் தெருவில் வாசலைத் தாண்டாது என்கிற வழக்கம் இன்னும் செத்துப்போகவில்லையே, மாலதி. இதை நான் எப்படி யோசிக்காமல் போனேன்?

ஓசூரிலிருந்து ஒரு பையன்தான் கேட்டான். "அக்கா, தீபிகா ஏன் வெளிய நிக்கிறா?" நித்யா தலையைக் குனிந்துகொண்டாள். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? கத்தியிருப்பாயா? எனக்குக் கத்த வராது. "தீபிகா உக்காரட்டும். அப்புறம் ஆரம்பிக்கலாம். நாம காத்திருப்போம்" என்றேன்.

காத்திருந்தோம். அத்தனை வாண்டுகளும் சத்தமில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒன்றுகூட அசையவில்லை. அண்ணன் என் பக்கத்தில் வந்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அமர்ந்தான்.

கஸ்தூரி அக்கா திரையில் குறுக்கே நடந்துபோனது தெரிந்தது. கதவுத் தாழ்ப்பாள் சத்தம். "வெயில்ல இன்னாத்துக்குமா நிக்கிற? உள்ள வா." தீபிகா தயங்கினாள் போல. "அட, வாடீ. எல்லாம் உனக்கோசரம்தான் பாத்துக்கினு கீதுங்க." நித்யா நகர்ந்து பாயில் இடம் விட்டாள். இரண்டு முகங்களும் திரையில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் போனே கொஞ்சம் திணறிவிட்டது.

அன்று அந்த வீட்டுக்குள் என்ன பேச்சு நடந்ததோ, எனக்குத் தெரியாது. மறுநாள் தீபிகா வருவாளா என்று பயந்துகொண்டேதான் போனைத் திறந்தேன். நித்யாவுக்கு முன்பே வந்து பாயில் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி நாள் எல்லாரும் சேர்ந்து நாடகம் போட்டார்கள். பஸ் கிளம்பாமல் நின்றுவிடுகிறது, பயணிகள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு பிள்ளை திரையின் ஓரத்தைத் தள்ளியது. தீபிகாதான் டிரைவர். காலை டீ இடைவேளையில் அவள் அம்மா கம்பெனி கேன்டீனிலிருந்து சேர்ந்துகொண்டார்கள். கூட வேலை செய்கிற பெண்கள் எல்லாம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். "ஏய், அந்த டிரைவர் எம் பொண்ணுடீ!" என்று அந்த அம்மா கத்தினார்கள். அந்த நேரம் பார்த்துக் கஸ்தூரி அக்கா திரைக்குள் கையை நீட்டி, டிரைவரின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார்கள்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது, மாலதி. பிள்ளைகளை நினைத்து, கஸ்தூரி அக்காவை நினைத்து. என்னை நினைத்தும்தான். சொல்லிக்கொள்ள உன்னை விட்டால் எனக்கு யார்?

அடுத்த மே மாதத்துக்குப் பள்ளிக்கூட மைதானம் கேட்டு அலைந்துகொண்டிருக்கிறேன். கிடைத்தால் மைதானத்தில், கிடைக்காவிட்டால் போனில். எப்படியானாலும் கேம்ப் உண்டு. சுண்ணாம்புக் கோடு நேராகப் போட இப்போதே பழகிக்கொள்கிறேன்.

உன் நாத்தனார், அதற்கும் முன்பிருந்தே உன் சிநேகிதி,
சுமதி