ஒதிலியாவுக்கு எதிராகத் தூக்காத கை

14 ஜனவரி 1950

மெத்தைக்கு வாத்து இறகைக் காம்பிலிருந்து உரிக்க எங்கள் தெருப் பெண்கள் என் கடைக்கு வந்திருந்தார்கள். ஒதிலியாவும். ப்ராக் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவள். போரின்போது ஜெர்மன்காரன் சிறையில் வைத்தான். இப்போது ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி பதவியைப் பிடுங்கி, அவள் வாசலில் வேவு பார்க்க ஆள் போட்டிருக்கிறது.

"வியாழக்கிழமை என் லாரி எல்லைப் பக்கம் போகுது. இறகு மூட்டைக்கு நடுவுல படுத்துக்கோ" என்றேன்.

"ஜெர்மன்காரனுக்கே ஓடல. நம்மாளுங்களுக்கா ஓடுவேன்?"

"நம்மாளுங்கன்னாதான்டி பயம். அவங்களுக்கு உன் பின்வாசலும் தெரியும்."

சிரித்துவிட்டாள். மேசையிலிருந்த இறகெல்லாம் பறந்தது. எல்லோரும் அவளைத் திட்டினோம்.

19 ஜனவரி

லாரி போய்விட்டது. அவள் வரவில்லை.

28 ஜனவரி

உரித்துக்கொண்டிருக்கும்போதே ஒதிலியாவைப் பிடிக்கப் போலீஸ்காரர்கள் வந்தார்கள். கதவை அகலத் திறந்து போட்டதில் அறை முழுக்க இறகு. ஒருவனுக்கு மீசையே வெள்ளை. ஒதிலியா எழுந்து, "கதவைச் சாத்துங்கப்பா, இவ சரக்கெல்லாம் போகுது" என்றாள். சாத்தினார்கள். பிறகு கூட்டிப் போனார்கள்.

மற்றவர்கள் உரிப்பதைத் தொடர்ந்தார்கள். நான் குனிந்து சரக்கைப் பொறுக்கினேன்.

5 ஜூன்

ஒதிலியாவின் வழக்கு வானொலியில் ஓடுகிறது. ஒவ்வொரு வேலையிடமும் கூடி, அவளுக்குத் தூக்குத் தண்டனை கேட்டுத் தீர்மானம் போட வேண்டுமாம். நாளை எங்கள் முறை. நான் வளர்த்த கடை இப்போது அரசாங்கத்துடையது. நான் அதில் கூலி. என் பழைய டிரைவர் சோபோத்கா மேலாளர்.

"முதலாளியம்மா — சே, தோழர் — கை தூக்குறதுல என்ன நஷ்டம்? நீங்க தூக்கலன்னாலும் நடக்கிறது நடக்கும். பொண்ணு படிப்ப நெனச்சுப் பாருங்க."

கணக்கு சரிதான். ஈர்ஜினா மருத்துவம் படிக்கிறாள். என்னால் உட்கார முடியவில்லை. பெருக்கிய தரையையே பெருக்குகிறேன். ஏன்டி ஒதிலியா, அந்த லாரியில ஏறித் தொலைச்சிருக்கக் கூடாதா?

6 ஜூன்

தூக்குவதாகத்தான் போனேன். எல்லாக் கையும் மேலே. என்னுடையது மடியிலேயே கிடந்தது. ஏன்? தெரியவில்லை.

"கை வலியா?" என்றான் சோபோத்கா. தப்பிக்க வழி காட்டினான், பாவம்.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

13 நவம்பர்

ஒதிலியாவுக்கு ஆயுள்தண்டனையோடு போயிற்று. என் கையால் அல்ல, அது எனக்குத் தெரியும்.

என்னைக் கடையிலிருந்து நீக்கிவிட்டார்கள்; இப்போது ஒரு தொழிற்சாலையில் பாட்டில் கழுவுகிறேன். கல்லூரி ஈர்ஜினாவை வெளியே அனுப்பியது. அதே தொட்டியில் என் எதிரே நிற்கிறாள். ஜூனிலிருந்து என்னோடு பேச்சில்லை. இன்று தன் கையுறையைக் கழற்றி என் பக்கம் போட்டாள்.

"உன்னோடது ஓட்டை. இதப் போட்டுக்கோ."

எனக்குப் பெரிது. போட்டுக்கொண்டேன்.