கறுப்பியின் மூச்சு

என்னைத் திட்டித் திட்டியே சோறு போட்ட என் மாமிக்கு,

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் சண்டை ஓய்ந்தது என்றுதானே நினைத்திருப்பீர்கள்? போன கிழமை உங்கள் மகனை அகப்பைக் காம்பால் அடித்தேன். அதற்கு முன்னே அவர் என்னைச் சுவரோடு தள்ளியிருந்தார். எல்லாம் ஒரு பூனைக்காக, மாமி! என்னைக் கண்டாலே சீறுகிற உங்கள் கறுப்பிக்காக.

அவளுக்குக் கடும் சளி. கண் இரண்டும் பீளையில் ஒட்டி, மூக்கடைத்து, வாயால் மூச்சிழுத்தாள். நம் வீட்டில் யாருக்குச் சளி வந்தாலும் நீங்கள் செய்வதைத்தான் உங்கள் மகனும் செய்தார். தைலத்தை எடுத்து அவள் மூக்கிலும் நெஞ்சிலும் அரக்கித் தேய்த்தார். அவள் அதை நக்கி, நுரை கக்கி, அடுப்படிக் குசினி முழுக்கச் சுழன்று விழுந்தாள்.

மாத்தளை மிருக வைத்தியர் எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். "தைலம் பூனைக்கு நஞ்சுங்க! யாரு பூசச் சொன்னது?"

கழுவி, ஊசி போட்டு, கண்ணுக்கு மருந்து தந்தார். குளியலறையைச் சாத்தி, சுடுதண்ணீர் ஆவியில் அவளை வைத்திருக்கச் சொன்னார். வாசம் தெரியாவிட்டால் பூனை தின்னாது, தின்னாவிட்டால் பிழைக்காது என்றார்.

மறுநாள் பார்த்தால், உங்கள் மகன் அவளை உரச்சாக்கில் போட்டுக் கட்டுகிறார். தம்புள்ளைக்கு மரக்கறி எடுக்கப் போகிற அவர் லொறி வாசலில் உறுமுகிறது.

"நாலந்தாப் பக்கம் எறக்கி விட்டுர்றேன்."

"கண்ணு தொறக்க முடியாத உசுர ரோட்டுல வீசுவீங்களா? நீங்க மனுசனா?"

"விடுடி!" என்று தள்ளினார். அப்போதுதான் அகப்பையை எடுத்தேன். அடித்துச் சாக்கைப் பிடுங்கினேன். உள்ளேயிருந்தவள் சாக்கோடு சேர்த்து என் கையைக் கிழித்தாள். இரத்தம் சொட்டச் சொட்ட அவருக்கு இன்னும் ஒன்று போட்டேன்; அகப்பை முறிந்தது.

அவர் தடுக்கவில்லை. "அம்மா கடைசியா இழுத்த மாதிரியே இழுக்குதுடி. என்னால கேக்க முடியல," என்றார்.

கையிலிருந்த காம்பைக் கீழே போட்டேன். ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியே இருந்தவர் அவர்தானே? இத்தனை மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா, இந்தப் பாவி மனிதர்?

அவரையும் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். நான் கறுப்பியைத் துவாயில் சுற்றி அமுக்கிப் பிடிக்க, அவர் வெந்நீர்ப் பஞ்சால் கண்ணைத் துடைத்தார். மீனைச் சூடாக்கி நசுக்கி மூக்கடியில் நீட்டினோம். துப்பினாள், கடித்தாள், உங்கள் மகனின் கட்டைவிரலைப் பதம் பார்த்தாள். தினமும் இதே மல்யுத்தம்தான், மாமி.

நேற்றுக் காலை மீனை மோந்து பார்த்தாள். பிறகு பறித்துத் தின்றாள். தின்றுவிட்டு உங்கள் மகன் மடியிலேயே சுருண்டு தூங்கினாள். அவர் குனிந்து அவள் முதுகில் காதை வைத்தார்.

"இழுக்கல," என்றார். "அம்மா, இப்ப இழுக்கல."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வாக்குத் தருகிறேன், மாமி. கறுப்பி மேல் இனி யாரும் சாக்கோடு கைவைக்க முடியாது. உங்கள் மகனையும் இனி எந்தச் சத்தத்தையும் தனியாகக் கேட்க விடமாட்டேன், அதற்கு இன்னொரு அகப்பை உடைந்தாலும் சரி.

உங்களோடு கடைசிவரை மல்லுக்கு நின்ற
உங்கள் மருமகள்