சும்மா பேசுவது

மார்ச் 4, செவ்வாய்
அலுவலகத்தில் ‘நீடித்த மகிழ்ச்சிக்கான அன்றாடப் பழக்கங்கள்’ என்று ஒரு வகுப்பு. தப்பிக்க முடியவில்லை. எங்கள் மகிழ்ச்சிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். எதோடு ஒப்பிட்டு என்று கேட்டேன். புள்ளியியல் படித்தவள் வேறென்ன கேட்பாள்? பயிற்சியாளர் சிரித்தார். “சின்னதா ஒண்ணு ஆரம்பிங்க மேடம். பல்லு விளக்குற மாதிரி, யோசிக்காம தினமும் செய்யணும்.”

பல் விளக்குவதில் நான் ஆனந்தம் எதையும் கண்டதில்லை.

மார்ச் 9, ஞாயிறு
தம்பிக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது. கழுத்தில் கட்டி. எடுத்து, தையலும் பிரித்தாயிற்று. ஒரே ஊரில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. அவன் மனைவி இன்று போனில் வாய்தவறிச் சொன்னாள். ஏன் மறைத்தீர்கள் என்றேன்.

“நீங்க போன் எடுத்ததும் ‘என்ன விஷயம்’னு கேப்பீங்கல்ல அண்ணி... அக்காகிட்ட முழுசா தெரிஞ்சப்புறம்தான் சொல்லணும்னாரு. கட்டியை டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. ரிசல்ட் வரல.”

என்ன விஷயம். ஆமாம், அப்படித்தான் கேட்கிறேன். எல்லோரிடமும். அதில் என்ன தப்பு?

அவனை விட்டால் எனக்கு யாரு இருக்கா?

மார்ச் 12, புதன்
பேருந்திலிருந்து இறங்கி அலுவலகத்துக்கு நடக்கும்போது அவனை அழைத்தேன். இனி தினமும் அந்த நேரத்தில். பயிற்சியாளருக்குத் தெரிய வேண்டாம்.

“என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. சும்மாதான்.”

“நீயா? சும்மாவா?”

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வைத்தோம். மதியம் அவன் மனைவி: “உடம்புக்கு ஏதாவது வந்து மறைக்கிறீங்களா அண்ணி? இவரு சாப்பிடாம உக்காந்திருக்காரு.”

மார்ச் 17, திங்கள்
டாக்டர் சரியாக என்ன சொன்னார் என்று கேட்டுத் தொலைத்தேன். உடனே அவன் குரல் மாறிவிட்டது. “ரிசல்ட் வந்ததும் சொல்றேன்க்கா.” வைத்துவிட்டான். வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலயே என்னால —

மார்ச் 18, செவ்வாய்
வெட்கத்தோடுதான் அழைத்தேன். எடுத்தான்.

மார்ச் 21, வெள்ளி
தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர் இவர்களுடைய துணிக்கொடியை அவிழ்த்துத் தன் பக்கம் இழுத்துக் கட்டிக்கொண்டாராம். “என் சட்டை அவங்க வீட்டுல குடித்தனம் பண்ணுதுக்கா.” அலுவலக வாசல் வந்தும் சண்டைக் கதை முடியவில்லை. கட்டடத்தை இன்னொரு சுற்று சுற்றினேன். மேலே போனபோது எல்லோரும் வேலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் தாமதமாகப் போனதே இல்லை.

இதை மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்தின் நடுவே அந்தச் சட்டை நினைவுக்கு வந்து இருமுவதுபோல் நடிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 26, புதன்
காய்ச்சல். படுத்தே கிடந்தேன், அழைக்கவில்லை. அவனே அழைத்தான். “என்ன, ஆளையே காணோம்?”

ஏப்ரல் 3, வியாழன்
போனில் ஏதோ பேசிக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்திவிட்டான். நானும் நடப்பதை நிறுத்தினேன். ஒரு லாரி இரைச்சலோடு கடந்து போனது.

“நாளைக்கு ரிசல்ட் வாங்கப் போகணும்க்கா. வீட்டுல அவளுக்குத் தைரியம் சொல்லி வச்சிருக்கேன். எனக்குத்தான் பயமா இருக்கு.”

விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் என்னிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எந்த டாக்டர், எந்த டெஸ்ட், ஏன் இத்தனை தாமதம் — எல்லாம் தொண்டைவரை வந்தது. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.

“பத்தரைக்கு. உனக்கு ஆபீஸ் இருக்கே.”

“ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்.”

வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.