வண்டி இரண்டுக்கு அடியில் சிவப்பு

நாள் 212, காலை 7.10

செவ்வாய், வடசமவெளி நிலையம். பதிபவர்: டாக்டர் தமயந்தி, வேதியியல். கொட்டகையில் காற்றழுத்தம் சரி. வெப்பம் பதினொரு டிகிரி. நிலையத்தில் நான் மட்டும். தேவசகாயம் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு பனிக்கட்டி தோண்டும் இடத்துக்குப் போயிருக்கிறார். மாலைக்குள் திரும்ப வேண்டும்.

வண்டி இரண்டுக்கு அடியில் உள்ளங்கை அளவு ஈரம். சிவப்பு நிறம். முன்னால் இருவர் உட்காரும் அறை, பின்னால் திறந்த தட்டு என்று, ஊரில் தக்காளிக் கூடை ஏற்றிப்போகும் பிக்கப் போன்றவைதான் எங்கள் வண்டிகள். கீழே ஒரு அட்டையை விரித்து வைத்தேன். எங்கிருந்து சொட்டுகிறது என்று அது காட்டும். பூமிக்குத் தகவல் அனுப்பினேன்.

நாள் 212, காலை 10.40

திட்ட இயக்குநர் குமரேசனிடமிருந்து பதில்:

"சிவப்பு என்றால் ஹைட்ராலிக் ஆயில். பின்தட்டைத் தூக்கும் குழாயில் சிறு கசிவு. ஓட்டத்துக்குத் தடையில்லை. கவலை வேண்டாம் மேடம்."

நான் கவலையைத் தெரிவிக்கவில்லை. கசிவைத் தெரிவித்தேன்.

தட்டைத் தூக்கும் குழாய் வண்டியின் பின்கோடியில் இருக்கிறது. சொட்டு விழுவது நடுவில், இருக்கைக்கு நேர் கீழே. ஆயிலாக இருந்தால் அட்டையில் ஊறிப் பரவிக் கண்ணாடிபோல் ஆக்கியிருக்கும். இது அப்படிச் செய்யவில்லை. விரலில் தேய்த்தேன். பிசுக்கு இல்லை, சோப்புபோல் வழுக்குகிறது. கையுறை போடாமல் தொட்டது மடத்தனம். விரல்நுனி எரிகிறது.

நாள் 212, பகல் 12.15

பூமியிலிருந்து:

"வண்டி ஒன்றில் மின்சாரம் இறங்கிவிட்டது. தேவசகாயம் மேட்டுக்கு அப்பால் நிற்கிறார். நலமாக இருக்கிறார். வண்டி இரண்டை எடுத்துச் சென்று அழைத்துவரவும்."

அந்த மின்சாரத்தில்தான் அவருடைய சூடும் காற்றும். அது நின்றால் உடுப்பில் உள்ளதை வைத்து நாளை விடியல்வரை தாங்குவார், அசையாமல் உட்கார்ந்திருந்தால். மேடு மறைப்பதால் அவர் வானொலி எனக்கு நேராக எட்டாது. அவர் பேச்சு பூமிக்குப் போய், அவர்கள் கை வழியாகத்தான் எனக்கு வருகிறது.

கசிவு என்னவென்று தெரியாத வண்டியை ஓட்டச் சொல்கிறார்கள். அது பாதி வழியில் நின்றால் மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பிணம், அந்தப் பக்கம் ஒன்று.

நாள் 212, பகல் 1.05

எலுமிச்சைச் சாற்றுத் தூளைக் கரைத்து, சிவப்பின்மேல் ஒரு சொட்டு விட்டேன். மஞ்சளாகியது.

மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்ட யாருக்கும் இது தெரியும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கிறதே, அதேதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்பும். இது ஆயில் இல்லை. மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்த காரக் கரைசல். வண்டியில் காரக் கரைசல் இருப்பது ஒரே இடத்தில்: மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தில்.

செவ்வாயில் மஞ்சள் எங்கிருந்து வந்தது? வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கப் போகிறேன்.

நாள் 212, பகல் 1.45

பார்த்தேன்.

கலத்தைத் தாங்கும் சட்டத்தில் மூன்று விரலால் இழுத்த மஞ்சள் பட்டை. கரைசல் அதன்மேல்தான் வழிகிறது. அதற்கு மேலே, குழாய் இணைப்பில் நான்கு போல்ட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். இட்டவரின் விரல்ரேகை உட்படக் கலையாமல் இருக்கிறது.

கலையாமல். இணைப்பைக் கடைசியாக இறுக்கியது, புறப்படுமுன் பூமியில் நடந்த ஆயுத பூஜைக்கு மறுநாள் என்று ஆவணம் சொல்கிறது. ரெஞ்ச்சை மாட்டியிருந்தால் பொட்டு அழிந்திருக்கும்.

அந்த ஆயுத பூஜைக்கு நானும் போனேன், கடைசி வரிசையில் நின்றேன். அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் முதல் ஸ்க்ரூ டிரைவர்வரை எல்லாக் கருவிகளும் படத்துக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. மிச்ச வேலையைக் கையாலேயே முறுக்கிவிட்டு, நாளைக்கு இறுக்கிக்கொள்ளலாம் என்று பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் மறந்தார்கள், செய்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். நான் கூடுதலாக ஒரு ஸ்வெட்டர் எடுத்துவரக் கேட்டபோது கிராம் கணக்குச் சொல்லி மறுத்தவர்கள், சந்தனத்துக்கு எடை பார்க்கவில்லை.

தேவசகாயம் அன்று இரண்டு பொட்டலம் பொரி வாங்கினார். மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் ஒன்றுதான் கிடைக்கும், சரஸ்வதி தாராளம் என்று என் காதில் சொன்னார்.

சாமி மேல் எனக்குக் கோபமில்லை. இல்லாதவர்மேல் கோபப்பட முடியாது. கையெழுத்துப் போட்டவர்மேல் இருக்கிறது.

இரண்டு வண்டிகளையும் ஒரே நாளில் பொருத்தினார்கள். அவர் வண்டியிலும் இதேதான். படங்களுடன் பூமிக்கு அனுப்பினேன்: "நான்கு போல்ட்டையும் உடனே இறுக்கச் சொல்லுங்கள். பொட்டு கலையாமல் இருப்பதே இறுக்கப்படவில்லை என்பதற்குச் சாட்சி."

நாள் 212, மாலை 4.20

என் வண்டியின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்குமேல் போனது. பொட்டுகள் அழிந்தன. இறுக்காமல் போக முடியாது, இறுக்கினால் சாட்சி போகும். யோசிக்க ஒன்றுமில்லை, அங்கே ஒரு மனிதர் காத்திருக்கிறார். கரைசலை நிரப்பினேன். புது அட்டை காய்ந்தே இருக்கிறது.

பூமியின் பதில்:

"படங்கள் தெளிவாக இல்லை. பூஜை பற்றிய குறிப்பைப் பதிவிலிருந்து நீக்கவும். பொதுமக்கள் மனம் புண்படும். தேவசகாயத்துக்குத் தேவையான அறிவுறுத்தல் அனுப்பப்பட்டது. வரும்போது பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கொண்டுவரச் சொல்கிறார்."

நீக்கவில்லை. இனி என் பதிவுகள் பூமிக்குப் போகா. நிலையத்திலும் இந்த வண்டியிலும் மட்டும் இருக்கும். கண்டெடுப்பவர் படிக்கட்டும்.

காப்பி போட்டாயிற்று. புறப்படுகிறேன்.

நாள் 213, காலை 5.50

வண்டி இரண்டிலிருந்து. இருட்டில் தடம் தேடி மேட்டைச் சுற்றிவர நினைத்ததைவிட நேரமானது. வண்டி சொட்டவில்லை.

அவர் வண்டிக்குள் இல்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். உடுப்பில் காற்று தீர்ந்திருந்தது. உடல் விறைத்திருந்தது. பக்கத்தில் சிவப்பாக உறைந்த பொருக்கு.

நான்கு போல்ட்டுகளும் பளிச்சென்று இருந்தன. சந்தனம் இல்லை. குங்குமம் இல்லை. சட்டத்தில் இருந்த மஞ்சள்கூட இல்லை.

சரியான நேரத்தில் இறுக்கியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் கையைப் பார்த்தேன். ரெஞ்ச் இல்லை. துணி.

நாள் 213, காலை 6.30

அவர் வண்டியின் வானொலிப் பெட்டிக்குத் தனி பேட்டரி; அதில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. நேற்றுப் பிற்பகல், பூமியிலிருந்து அவருக்கு வந்த "அறிவுறுத்தல்":

"வண்டிக்கு அடியில் இணைப்பு போல்ட்டுகளிலும் சட்டத்திலும் உள்ள பூச்சு முழுவதையும் துடைத்து, படம் எடுத்து அனுப்பவும். அவசரம்."

இறுக்கு என்ற சொல் அதில் இல்லை. மேலும் கீழும் தேடினேன். எங்கும் இல்லை.

அவர் பதில், அவர் குரலில்:

"வெளியே இறங்குனா உடுப்புல காத்து வேகமாத் தீருமே, பரவால்லியா? ... சரி. தொடைச்சாச்சு, படமும் அனுப்பியாச்சு. சந்தனம் நல்லா ஒட்டியிருந்துச்சு கேட்டியளா, ரொம்ப நேரம் ஆயிட்டு. இதுல ஏதாச்சும் முறுக்கணுமா? சொன்னா செய்யலாம், ரெஞ்ச் பக்கத்துலதான் கிடக்கு. டாக்டரம்மாட்ட சொல்லுங்க, வரும்போ பிளாஸ்க்ல சுக்குக் காப்பி கொண்டு வரட்டும்."

காப்பியை மட்டும் எனக்குச் சொன்னார்கள்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு, அடியில் படுத்தபடியே, இருமுறை கேட்டிருக்கிறார். மூன்றாவதில் குரல் தேய்ந்திருக்கிறது.

சாட்சி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னது நான்.

நாள் 213, காலை 7.15

அவர் இறந்ததை மட்டும் தெரிவித்தேன்.

பூமியிலிருந்து:

"ஆழ்ந்த இரங்கல். விசாரணைக்காக வண்டி ஒன்றின் நான்கு போல்ட்டுகளையும் உரிய அளவுக்கு இறுக்கி, படம் அனுப்பவும்."

அனுப்ப மாட்டேன். தொடவும் மாட்டேன்.

அவரைப் பின்தட்டில் கிடத்தி, பெல்ட் போட்டுக் கட்டினேன். துணி அவர் கையிலேயே இருக்கிறது. விரலைப் பிரிக்க முடியவில்லை, பிரிக்கவும் கூடாது. அதில் மஞ்சள் இருக்கிறது. பிளாஸ்க்கை

பிளாஸ்க் இன்னும் சூடாக இருக்கிறது.

கண்டெடுப்பவருக்கு: வண்டி ஒன்று மேட்டுக்கு வடக்கே நிற்கிறது. ரெஞ்ச் வேண்டாம், கருவி எதுவும் வேண்டாம். அடியில் படுத்து, முதல் போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள்.

சுழலும்.