பூங்காவுக்கு ஒரு ஆள் போதும்

ஏப்ரல் 9, வியாழன்

காலையிலேயே வெயில். ரோஜாப் பாத்தியில் ஒரு மூலை மட்டும் காயாமல் இருந்தது. நேற்று அஞ்சலை அக்காவும் நானும் அவித்த மல்லாட்டை தின்று கடலைத் தோலைப் போட்ட இடம். விலக்கிப் பார்த்தேன். அடியில் மண் சில்லென்று கறுப்பாக. ஒரு முழம் தள்ளி வெறும் புழுதி. இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான் விட்டோம்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னாடி, குப்பையைக் கிளறிக்கினு குந்தியிருக்கே? பைப்பைப் புடி, ஜல்தி."

இந்தக் குடியிருப்பு நகரின் பூங்காவுக்குத் தண்ணீர் விட நாங்கள் இரண்டு பேர்தான். முக்கால்வாசி இடம் கொரியன் புல். காலையும் மாலையும் மோட்டார். அது ஓடினால் பூங்காவுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெரு அடிபம்பில் காற்றுதான் வரும். இங்கே யாரிடமும் இதைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது.

வாங்க வேண்டியது: சோப்பு, அம்மாவுக்குத் தைலம், ஹேர்பின்.

ஏப்ரல் 18, சனி

போன வாரமே மல்லாட்டை உடைக்கிற மில்லில் தோல் சும்மாவே கொடுத்தார்கள். அக்காவும் நானும் மூட்டையைத் தூக்கிவந்து எல்லாப் பாத்தியிலும் பரப்பினோம். "கரையான் வரட்டும், உன்னையே பொறுக்க வைக்கிறேன்" என்றாள் அக்கா. இதுவரை வரவில்லை. தினமும் தண்ணீர் விட்ட பாத்திகளுக்கு இப்போது மூன்று நாளைக்கு ஒரு தடவை.

கார்னர் வீட்டு டீச்சர் நின்று விசாரித்தார். நான் அரளிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். அக்காதான் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். "இதுதாங்க பண்ணிச்சு. ஒம்போதாவதோட நின்னுட்டுது. மூளை மட்டும் நிக்கலைங்க."

டீச்சர் சிரித்தார். எனக்கு வியர்த்துவிட்டது. உள்ளுக்குள் சந்தோஷம். யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 26, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. இன்று புல்லைப் பெயர்த்தாச்சு. தண்ணீரெல்லாம் புல்லுக்குத்தான் போகிறது என்று டீச்சர்தான் நகர்க்காரர்களிடமும் எங்கள் தெருவிலும் பேசி ஆள் சேர்த்தார். எங்கள் தெரு ஆட்கள் பூங்காவுக்குள் வந்ததே இதுதான் முதல் தடவை.

"புல்லை எடுத்துட்டா பசங்க எங்க விளையாடும்?" மாடி வீட்டு அம்மா.

"இப்ப மட்டும் விளையாடுச்சா? மிதிக்காதேன்னுதான போர்டு வெச்சிருந்தீங்க?" எங்கள் தெரு டிரைவர் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மாவும்தான்.

நந்தியாவட்டை, இட்லிப் பூ, இரண்டு வேம்பு. நடுவில் மழைத் தண்ணீர் நின்று இறங்கப் பள்ளம். நகர்ச் சங்கச் செயலாளர் சார் பனியனோடு மண் அள்ளினார். டீ, பொரி. எல்லோரையும்விட அதிகம் வெட்டியது அஞ்சலை அக்கா.

மே 6, புதன்

அடிபம்பில் தண்ணீர் வருகிறது! மழையே இல்லாமல். அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

சாயந்திரம் செயலாளர் சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "வேலை பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு. பூங்காவுக்கு ஒரு ஆள் போதும்னு கமிட்டியில பேசினோம். பாப்பா இருக்கட்டும். ஐடியாவே அதோடதுதானே."

பரிசு கொடுப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

அக்கா "சரிங்க சார்" என்றாள். பைப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

'அக்கா இருக்கட்டும் சார்.' அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கூச்சம் மட்டும்தானா? நான் வேலையிலிருந்து நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

மே 7, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடி விஞ்ஞானி."

ஆளுக்குப் பாதி நாள், பாதிச் சம்பளம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு ஆளு சம்பளத்துக்கு ரெண்டு பேரா? அதுல உங்கம்மாவுக்கு மாத்திரை வாங்குவியா, எம்பொண்ணை நர்சிங் படிக்கவைப்பேனா? போடி, பேஜாரு பண்ணாத." கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டார்களாம். நின்றுகொண்டே செய்கிற வேலை. அவள் முட்டி தாங்காது.

கிளம்பும்போது, "பம்புல தண்ணி வருதுடி, நல்லதுதான் பண்ணே" என்றாள்.

மே 11, திங்கள்

அனல். விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க அக்கா நொண்டிக்கொண்டே ஓடினாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பூங்காவில் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பேச்சுத்துணை இல்லை. வேம்பில் துளிர். தண்ணீரைப் பார்த்தால் நான் செய்தது தப்பில்லை. அக்காவைப் பார்த்தால் தப்பு. இரண்டையும் சேர்த்து நினைக்கத் தெரியவில்லை.

மே 14, வியாழன்

ஒலக்கூர் ரோட்டுப் பக்கம் உள்ள வேறொரு நகரின் செயலாளர் பூங்காவைப் பார்க்க வந்தார். அங்கே தண்ணீர் விடுகிற இரண்டு பெண்களையும் காரில் அழைத்து வந்திருந்தார், கற்றுக்கொள்ளட்டும் என்று. ஒருத்திக்கு அக்கா வயது. இன்னொருத்திக்கு என் வயதிருக்கும். துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்கள் வேம்பைப் பார்க்கப் போனபோது அவர் எங்கள் சாரிடம், "அப்ப எங்களுக்கும் ஒரு ஆளு மிச்சம்னு சொல்லுங்க" என்றார். சார் சிரித்தார்.

பிறகு எல்லோரும் வட்டமாக நின்றார்கள். "சொல்லும்மா, வெக்கப்படாதே. தோலை எவ்வளவு கனத்துக்குப் போடணும்?" போனைத் தூக்கி வீடியோ எடுத்தார் வந்திருந்த செயலாளர்.

கையில் இருந்த தோலைக் கீழே போட்டேன்.

"இவங்க ரெண்டு பேரையுமே வேலையில வெச்சுக்குவேன்னு இவங்க முன்னாடியே சொல்லுங்க சார். அப்புறம் சொல்றேன்" என்றேன்.